காளானுக்கு மரபணுச் சோதனை: அறிக்கையை நம்பிச் சமைக்கலாமா?

"வயல் புற்றில் முளைக்கும் காளானை வருடாவருடம் சாப்பிடுகிறோம். இந்த மழைக்குத் தென்னந்தோப்புப் புல்லில் உள்ளங்கை அகலத்தில் அதேபோல் வெள்ளைக் காளான்கள். தண்டில் வளையமும் இருக்கிறது. 6,000 ரூபாய் கொடுத்தால் மரபணுச் சோதனை செய்து, உண்ணலாமா என்று சொல்வதாக ஒரு முகவர் சொல்கிறார். செய்யலாமா?" – திண்டுக்கல் பக்கத்து வாசகி ஒருவர்.

பணம் கொடுக்காதீர்கள் அம்மா. அந்தக் காளானைச் சமைக்கவும் வேண்டாம்.

2012 முதல் காளான்களுக்குப் பொது அடையாளமாக ஏற்கப்பட்டிருக்கும் ஐ.டி.எஸ். என்ற சிறு மரபணுப் பகுதியைத்தான் படிப்பார்கள். படித்ததைப் பொதுத் தரவுத்தளத்தில் இருப்பவற்றோடு ஒப்பிட்டால் ஒரு பெயர் வரும். நஞ்சு உண்டா என்று அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. தரவுத்தளத்திலும் தவறான பெயரில் கிடப்பவை ஏராளம், நம் நாட்டு இனங்கள் பல அதில் ஏறவே இல்லை. இருந்தும் பட்டியலில் முதலாவதாக ஏதோ ஒரு பெயர் நிற்கும். முகவர் அதை அச்சடித்துத் தந்துவிடுவார்.

அப்படி என்னிடம் வந்த ஓர் அறிக்கையில் காளானுக்குப் பதில் பூஞ்சணத்தின் பெயர் இருந்தது. சோதனைக்குப் போனது பிளாஸ்டிக் பையில் மூன்று நாள் அழுகிய காளான். புகைப்படம் இல்லை, காயவைத்த துண்டுகூட இல்லை. காளானைக் கண்ணால் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்!

உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு வெள்ளைத்தாளும் டம்ளரும்தான். விரிந்த குடையைத் தண்டிலிருந்து நறுக்கி எடுத்து, அதன் அடிப்பக்க மடிப்புகள் தாளில் படும்படி வைத்து, டம்ளரால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் காளானின் வித்துத்தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பு. பச்சைச் சாயல் தெரிந்தால் அது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். புல்வெளியில் முளைப்பது, சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் தருவது. இளசில் அதன் மடிப்புகளும் வெள்ளைதான், அங்கேதான் ஏமாறுகிறார்கள். வளையத்தை வைத்தும் பிரிக்க முடியாது: 1979-இல் காளான் ஆய்வாளர் கே. நடராஜன் பெயரிட்ட நம் புற்றுக்காளான் வகை டெர்மிட்டோமைசஸ் ஹெய்மிக்கும் வளையம் உண்டு.

அடுத்து, பிடுங்காமல் தோண்டிப் பாருங்கள். புற்றுக்காளானின் தண்டு வேர்போல நீண்டு கரையான் கூடுவரை போகும். வேரில்லாத புற்றுக்காளானும் ஒன்று உண்டு. கரையான்கள் கூட்டுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்தின் துண்டுகளை வெளியே கொண்டுவந்து பரப்பும்போது, அவற்றின்மேல் கூட்டங்கூட்டமாக முளைக்கும் குட்டிக் காளான், டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்ப்பஸ். மண்ணின் மேலேயே முளைப்பதால் அதற்கு நீள்வேர் கிடையாது. ஆனால் அது நாணயத்தளவுதான் இருக்கும். உங்களுடையது உள்ளங்கை அகலம், ஆகவே இந்த விலக்கைச் சொல்லி யாராவது தேற்றினால் கேட்காதீர்கள்.

மஞ்சள் போட்டால் நிறம் மாறும், பூச்சி தின்றால் நல்லது என்பதெல்லாம் பொய். அமானிட்டா என்ற காளான் குடும்பத்தின் கொடிய வகைகளில் இருக்கும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

இனம் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் முளைத்த இடம், மணம், தூளின் நிறம் எல்லாவற்றையும் எழுதி, படமெடுத்து, நன்றாகக் காயவைத்துக் காகித உறையில் போட்டு, காளான் படித்த தாவரவியல் பேராசிரியரிடம் கொடுங்கள். மரபணு முடிவுக்கு அப்போதுதான் பொருள் வரும். அப்படி ஒருவரைத் தேடி நீங்கள் எத்தனை அலுவலகம் அலைய வேண்டுமோ! மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தால் இந்த முகவர்களுக்கு வேலை ஏது?

யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் வாந்திக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கொடிய அமானிட்டாக்களின் நஞ்சு பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே அறிகுறி காட்டத் தொடங்கும். மிச்சமிருக்கும் காளானையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.