கைவேலை டீச்சரைக் கேளுங்கள்

கேள்வி: மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. ஒவ்வொரு பண்டிகைக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து கையால் ஏதாவது செய்ய ஆசை. ஆனால் முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு, அவர்கள் தூங்கிய பிறகு, நான் மட்டும் கத்தரியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஒவ்வொரு பண்டிகைக்கும் எதற்கம்மா? வருஷத்துக்கு நாலு போதும். அந்த நாலையும் முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

கொலுவுக்குப் பூங்கா வைப்பீர்களா? அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்பே ஒரு பழைய தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவுங்கள். உங்கள் மகனுக்கு அந்த ஒரு வேலை போதும்: காலையில் விரலால் தண்ணீர் தெளிப்பது. டம்ளரைக் கொடுத்துவிடாதீர்கள், விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். கொலு முதல் நாளில் பச்சைப் புல்வெளி தயார்.

கிருஷ்ண ஜயந்தியில் அவன்தான் ராஜா. நாலு வயதுக் கை கண்ணன் பாதத்துக்குச் சரியான அளவு. முஷ்டியை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து வைக்கட்டும். மேலே ஐந்து விரல் புள்ளியை அக்கா வைக்கட்டும். பாதம் வாசலிலிருந்து உள்ளே வர வேண்டும். பாதி வெளியே போகிற மாதிரி விழும், விடுங்கள், குழந்தைக் கண்ணன் நேராகவா நடந்திருப்பான்?

மார்கழி கடைசி நாள் உங்கள் கொங்குப் பக்கத்துக் காப்புக்கட்டு இருக்கவே இருக்கிறது. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் மகள் எண்ணிப் பிரித்து, சிறு கொத்துகளாக நூலில் கட்டட்டும். எரவாணத்தில் செருகுவது மட்டும் உங்கள் வேலை. நாலாவதை அவளே சொல்லட்டும்.

கேள்வி: களிமண் பிள்ளையார் செய்தோம். மறுநாளே வயிற்றில் வெடிப்பு, தும்பிக்கையும் விழுந்துவிட்டது. மகள் பிடித்த மூக்கு கோணல் என்று என் கணவர் திருத்தினார். அவள் ஒரே அழுகை. – ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வெடிப்புக்கு மருந்து சுலபம். வெயிலில் வைத்திருப்பீர்கள்; மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், அதனால் வெடிக்கும். நிழலில் ஈரத்துணி போர்த்தி இரண்டு மூன்று நாள் ஆறவிடுங்கள். மண் பிசையும்போது கல் பொறுக்கி, ஒரு பிடி மணல் சேருங்கள். பெரிய பொம்மையென்றால் அடிப்பக்கத்தைக் குடைந்துவிடலாம். தும்பிக்கையைச் சும்மா ஒட்டினால் நிற்காது. இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, குழைத்த மண்ணைத் தடவி ஒட்டினால்தான் பிடிக்கும்.

குன்றிமணிக் கண் அழகுதான், ஆனால் கடித்துத் தின்றால் கடும் விஷம். வாயில் போடுகிற வயதுப் பிள்ளை இருந்தால் மிளகு வையுங்கள். எருக்கம்பூ மாலை கோர்த்த கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, அந்தப் பால் கண்ணுக்கு ஆகாது.

உங்கள் கணவரைப் பற்றி: எனக்கு எட்டு வயது இருக்கும். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்கு இழுத்துப்போகச் சின்னச் சப்பரம் செய்தோம். அப்பா சட்டம் அடித்தார், நான் ரோஸ் காகிதம் ஒட்டினேன். ராத்திரியோடு ராத்திரியாக அவர் அதைப் பிய்த்துவிட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் புதிதாக ஒட்டிவைத்திருந்தார். தெருவில் எல்லாரும் மெச்சினார்கள். நான் கயிற்றைத் தொடவே இல்லை. தம்பிதான் இழுத்துப் போனான். அப்பாவுக்கு ஏன் என்று கடைசிவரை புரியவில்லை. அடுத்த வருஷம் மூக்கு கோணலாகவே இருக்கட்டும் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு மூங்கில் ஸ்டார் கட்டலாம் என்று பத்து வயது மகன் சொல்கிறான். போன வருஷம் காகிதம் தொய்ந்து கிழிந்துவிட்டது. – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டடி நீளத்தில் ஒரே அளவாகப் பத்து மூங்கில் சிம்பு. ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம். ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் நாலங்குலக் குச்சி முட்டுக்கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். சிம்பை நீங்களே உப்புத்தாளால் தேய்த்துக் கொடுங்கள், சிலாம்பு ஏறும்.

பசையைக் காகிதத்தில் தடவினீர்களா? அதுதான் தொய்ந்தது. மூங்கிலில் தடவி, காகிதத்தை மேலே படியவிட வேண்டும். ஒரு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். பிள்ளைகள் கைபடும் இடத்தில் அந்த விஷம் வேண்டாம், அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விடுங்கள், பல்பு மாட்ட. எல்இடி போதும், பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகும்.

கேள்வி: கடையில் விற்கும் கைவேலைப் பெட்டிகள் வாங்கலாமா? – ஒரு வாசகி, ஓசூர்

பதில்: நேரமில்லாத வாரத்தில் தாராளமாக வாங்குங்கள். காலிப் பெட்டியை மட்டும் எறியாதீர்கள், கொலுப்படிக்கு முட்டுக்கொடுக்க ஆகும்.