சுருதி இல்லை என்று யார் சொன்னது?

கேள்வி: போன இதழில் ஏதோ 'நாய்ஸ்-டிரோன்' அல்பம் என்று ஒன்றைத் தூக்கிப்பிடித்து ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். மகனிடம் சொல்லி அவனுடைய போனில் போட்டுக் கேட்டேன். மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. எங்கள் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜ் இதைவிட நன்றாகப் பாடும். தாளம் இல்லை, ராகம் இல்லை, சுருதி இல்லை. இதையும் இசை என்று எழுதி எங்கள் காதில் பூச்சுற்றுகிறீர்களா?
(கர்நாடக சங்கீத ரசிகர் ஒருவர், கொட்டாஞ்சேனை)

பதில்: தாளம் இல்லை, சரி. ராகம் இல்லை, அதுவும் சரி. சுருதி இல்லை என்றீர்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். ஐயா, டிரோன் என்றாலே விடாமல் நீளுகிற ஒரே நாதம்தான், அந்த அல்பத்தில் சுருதியைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. திட்டுவதென்றால் அதைச் சொல்லித் திட்டியிருக்கலாம், நியாயமாக இருந்திருக்கும்.

முதலில் அந்தப் போனை முடித்துவிடுவோம். விரல் நகம் அளவு ஸ்பீக்கர் அது, சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஊமை. அல்பத்தின் அடிநாதம் முழுக்கக் கிடப்பது அதற்குக் கீழேதான். நீங்கள் கேட்டது மேலே மிதக்கிற கீச்சொலியை மட்டும், தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்திருக்கும், மூன்று நிமிடம் தாங்கியதே பெரிய விஷயம். மிருதங்கத்தில் தடித்த நாதம் தருகிற தொப்பிப் பக்கத்தை அடைத்துவிட்டு வலந்தலையை மட்டும் தட்டச் சொல்லிக் கேட்டால் அந்த வித்துவானைப் பற்றி என்ன எழுதுவீர்கள்?

இரண்டாவது, இந்த டிரோன் என்கிற சங்கதி எங்களுக்குப் புதிதா? நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்து என்று ஒன்று இருந்தது ஞாபகமா? விரல் வைக்கத் துளை கிடையாது, ஒரே நாதம், ஊதுகிறவர் கன்னத்தில் காற்றை அடக்கி மூக்கால் மூச்சிழுத்து மணிக்கணக்கில் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். ஆடிவேல் ஊர்வலம் கொழும்பு காலி வீதியில் வரும்போது எத்தனை பேர் அவரைத் திரும்பிப் பார்த்திருப்போம்? போதாதற்கு, ஆமாம் சாமி போடுகிறவனுக்கு 'ஒத்து ஊதுகிறான்' என்று வசவு வேறு வைத்தோம். பிறகு சுருதிப்பெட்டி வந்தது, அந்த மனிதர் வீட்டுக்குப் போய்விட்டார். இந்த அல்பம் செய்திருப்பது என்னவென்றால், நாதஸ்வரத்தையும் தவிலையும் அனுப்பிவிட்டு ஒத்துக்காரரை மேடை நடுவில் உட்காரவைத்திருக்கிறது.

தம்புராவையே எடுங்கள். தந்தியைத் தாங்குகிற குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி, அதை அரைக்கால் மில்லிமீட்டர் இப்படி அப்படி நகர்த்தி, ஒரே தந்திக்குள் பத்துச் சுரம் கிளம்புகிற வரை வித்துவான் பாடுபடுகிறார், அந்த நேரத்தில் நாங்கள் பக்கத்து நாற்காலிக்காரரோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம், கச்சேரி இன்னும் தொடங்கவில்லை என்று. அமெரிக்காக்காரர் ஒருவர் அதைத்தான் கச்சேரி என்று எடுத்துக்கொண்டார். லா மான்ட் யங் 1960 இல் எழுதிய ஓர் உருப்படியில் இரண்டே சுரம்தான், 'நெடுநேரம் பிடித்திருக்கவும்' என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து இந்துஸ்தானி சங்கீதத்தில் கிரானா கரானா என்கிற பரம்பரையைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் சிஷ்யனாகப் போய்ச் சேர்ந்து தம்புரா மீட்டினார். ஆக டிரோன் ஒன்றும் எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் எங்கோ முளைத்த சரக்கு இல்லை.

இனி என் கதை. எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கம். இரவு பதினொன்றுக்குப் பிறகு, பெரிய ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன். பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. உங்களைப் போலத்தான் எனக்கும் எரிச்சல், எழுந்து குசினிப் பக்கம் நடந்தேன், அப்போதுதான் தெரிந்தது, நான் நகர நகர நாதம் மாறுகிறது. கதிரையில் இருந்தபோது கேட்ட தடித்த அடிநாதம் கதவடியில் இல்லை, இரண்டடி தள்ளி மூலையில் மறுபடி நெஞ்சில் வந்து குத்துகிறது. மாயம் ஒன்றும் இல்லை. 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட ஏழு மீட்டர், எங்கள் ஹாலே அவ்வளவு கிடையாது, அலை சுவரில் மோதித் திரும்பி ஓரிடத்தில் தன்னைத்தானே கூட்டுகிறது, இன்னோரிடத்தில் அழிக்கிறது. பாட்டென்றால் அடுத்த வரி வந்துவிடும், இதைக் கவனிக்க விடாது. ஒரே நாதம் அரை மணித்தியாலம் நின்றால்தான் அறையின் மூலைமுடுக்கெல்லாம் காதுக்குத் தெரியவரும். தண்டவாளத்தில் கடைசி ரயில் போனது, அது எப்போது அல்பத்துக்குள் நுழைந்து எப்போது வெளியே போனது என்று என்னால் பிரிக்கவே முடியவில்லை.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது காலி வீதி முழுக்க ஜெனரேட்டர். ஓரிரவு பால்கனியில் நின்று ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தது, ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கின, கீழே தையல் கடைக்காரருடையது கடைசியாக நின்றது, என் குரல் அந்தரத்தில் வழுக்கியது. அவ்வளவு நேரமும் அந்த டீசல் நாற்றத்தின் சுருதியில்தான் பாடியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

ஏமாற்று வேலை என்கிற குற்றச்சாட்டும் பழையதுதான். அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975 இல் பாட்டே இல்லாமல் வெறும் கிட்டார் ஃபீட்பேக்கை, அதாவது ஸ்பீக்கர் சத்தம் திரும்பக் கிட்டாருக்குள் போய்க் கிளப்புகிற ஊளையை, இரட்டை ரெக்கார்டாகப் போட்டார், வாங்கினவர்களில் பலர் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். நாலாவது பக்கத்தின் முடிவில் ஊசி ஒரே வளையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்படி வெட்டியிருந்தார்கள், நீங்களாக எழுந்துபோய்த் தூக்கினால்தான் நிற்கும். அதில் குறும்பு இருந்தது, மறுக்கவில்லை. இந்தத் துறையில் போலிகளும் உண்டு, மெஷினை முறுக்கிவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போகிற ஆட்கள். நான் புகழ்ந்த அல்பத்திலேயே மூன்றாவது துண்டு வெறும் அரைப்பு, அந்தப் பதினான்கு நிமிடத்தில் பிளேன்ரீ குடிக்கப் போனது நான். அதைப் போன இதழில் எழுதாமல் விட்டது என் பிழை.

அப்புறம் உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை: சத்தமாக வைத்தால்தான் நாய்ஸ் என்று எந்தச் சட்டமும் கிடையாது. 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், 90க்கு ஏற்றினால் அது 4 மணித்தியாலமாகச் சுருங்கிவிடும்.

இனி அந்த ஃப்ரிட்ஜ். நீங்கள் கிண்டலாகச் சொன்னீர்கள், நான் நிசமாகவே எடுத்துக்கொள்கிறேன். இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஃப்ரிட்ஜ் முனகுவது பெரும்பாலும் அதன் இரட்டிப்பில், 100ஐ ஒட்டி, அதாவது கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டை என்கிற சுருதிக்கு ஒரு மயிரிழை மேலே. இன்றிரவு சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில் வைத்து ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். இரண்டும் உரசி, நாதம் கூடிக் குறைந்து மெல்ல ஒரு அலை எழும்பும், எழும்பாவிட்டால் பெட்டியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அது கேட்கத் தொடங்கிய பிறகு மகனிடம் அவனுடைய ஹெட்போனை ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் கேளுங்கள். மூன்றாவது துண்டைத் தாண்டிவிடலாம்.