கல்பிட்டி பார் ரீஃப்ல நங்கூரம் போடுற பிரச்சினை

பார் ரீஃப் முருகைக்கல்லை (பவளப்பாறையை) காப்பாத்த கொழும்புல சேர்த்த காசுல அறிவிப்புப் பலகை அடிக்கலாமா எண்டு கேட்டிருக்கீங்க. பலகை அடிக்காதீங்க, போட் கட்டுற மிதவை போடக் குடுங்க. சொல்லியும் கேக்காம போட்காரர் முருகைக்கல்லு மேலயே நங்கூரம் போடுறாங்க எண்டு எழுதியிருக்கீங்க, அவங்கள் வேணுமெண்டு செய்யிறதா நான் நினைக்கல, கட்டுறதுக்கு அங்க வேற ஒண்டும் இருக்காது, ஆக்கள் தண்ணிக்குள்ள நிக்கேக்க போட்டை இழுபட விடவா ஏலும்?

ஒருக்கா ஸ்நோர்க்கல் போட்டுப் பாருங்க. போட் நிக்கிற இடத்துல மட்டும் முருகைக்கல்லுக் கிளை முறிஞ்சு குவிஞ்சு கிடந்தா பெரும்பாலும் நங்கூரம்தான். முறியாம முழுசா வெளிறி நிண்டா அது கடல் சூடு, 2016ல வந்த மாதிரி, அதுக்கு மிதவை ஒண்டும் செய்யாது.

ஒண்டு, பார் ரீஃப் 1992ல இருந்து சரணாலயம், வனஜீவராசிகள் திணைக்களத்துட்ட அனுமதி எடுக்காம மிதவையைக் கட்டி வைக்கிற கொங்கிரீட் கட்டை இறக்கேலாது, இறக்கினாலும் மணல்லதான். கயிறு தேயும், அதை மாத்துற வேலைய போட்காரருக்கே சம்பளத்தோட குடுங்க.