நியூட்ரல் போனால் டி.வி.யும் போகும்
வாசகர் கேள்வி – பதில்

வட அமெரிக்காவில் ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டி) வைத்திருக்கும் வாசகர்கள் சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) பாதுகாப்பு பற்றி அனுப்பிய கேள்விகளில் சில:

எங்களுடையது 30 ஆம்பியர் டிரெய்லர். பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு கருவிகள் கடையில் இருக்கின்றன. இரண்டிலும் ‘சர்ஜ்’ என்றுதான் போட்டிருக்கிறது, விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம். விலை குறைந்ததே போதாதா?

போதாது. விலை குறைந்ததற்குள் இருப்பவை எம்.ஓ.வி. எனப்படும் சிறு வட்ட வில்லைகள். ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் மட்டும் பாயும் அதிக வோல்டேஜை அவை தங்கள் வழியாக இழுத்து வெப்பமாக்கிவிடும். அட்டையில் போட்டிருக்கும் ‘ஜூல்’ கணக்கு இந்தத் தாங்குசக்திதான். ஒவ்வொரு அடியிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

ஆனால் கேம்ப்கிரவுண்டில் (ஆர்.வி.க்களை நிறுத்தித் தங்கும் இடம்) வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த நொடிநேர அடி அல்ல. மணிக்கணக்கில் 100 வோல்ட்டுக்குக் கீழே கிடக்கும் சப்ளை, பேஸும் நியூட்ரலும் இடம் மாறிய சாக்கெட், எர்த் இல்லாத கரண்ட் பெட்டி, அறுந்த நியூட்ரல் இவைதான். எம்.ஓ.வி. இவற்றைக் கண்டுகொள்ளாது. விலை கூடியதில் ஒரு காண்டாக்டரும் (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் தானியங்கி ஸ்விட்ச்) அதை இயக்கும் சர்க்யூட்டும் இருக்கும். வோல்டேஜ் 104க்குக் கீழே போனாலோ 132க்கு மேலே ஏறினாலோ வண்டிக்குப் போகும் கரண்டைத் துண்டித்துவிடும். இந்த வகையை ஈ.எம்.எஸ். என்பார்கள். அட்டையில் ‘துண்டிக்கும்’ என்று இருக்கிறதா, வெறும் விளக்கு எரிந்து ‘எச்சரிக்கும்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

30 ஆம்பியர்காரர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. பழைய துணி உலர்த்தும் இயந்திரத்தின் சாக்கெட்டும் மூன்று ஓட்டை, 30 ஆம்பியர்தான். ஆர்.வி. பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் அதே நினைப்பில் உங்கள் சாக்கெட்டுக்கும் இரண்டு பேஸ் கொடுத்து 240 வோல்ட் ஆக்கிவிடுவார். வீட்டு வாசலில் புதிதாகப் போட்ட சாக்கெட்டில் இது அடிக்கடி நடக்கிறது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகாதீர்கள்.

நியூட்ரல் அறுந்தால் கரண்ட் நின்றுதானே போக வேண்டும்? சாமான்கள் ஏன் எரிகின்றன?

30 ஆம்பியரில் நீங்கள் சொல்வது சரி, எல்லாம் நின்றுவிடும். 50 ஆம்பியரில் கதை வேறு. அங்கே 120 வோல்ட் பேஸ் இரண்டு, நடுவில் ஒரு நியூட்ரல். பேஸ் இரண்டுக்கும் இடையே 240.

முதல் பேஸில் 1500 வாட் ஹீட்டர், இரண்டாவதில் 300 வாட் டி.வி. ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் 9.6 ஓம், டி.வி.க்கு 48 ஓம். (டி.வி. நேரான ரெசிஸ்டன்ஸ் அல்ல. கணக்கு புரியட்டும் என்று அப்படி எடுத்துக்கொண்டேன்.) நியூட்ரல் அறுந்ததும் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக 240 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். மொத்தம் 57.6 ஓம், ஓடுவது 4.17 ஆம்பியர். ஹீட்டருக்கு 40 வோல்ட்தான் கிடைக்கும், டி.வி.க்கு 200 வோல்ட் போகும். லோடு குறைவான பக்கத்துக்குத்தான் அடி விழும். ஓடுவது வெறும் 4 ஆம்பியர் என்பதால் எந்த பிரேக்கரும் விழாது.

50 ஆம்பியர் வண்டிக்குள்ளேயே நிரந்தரமாகப் பொருத்தும் வகையை வாங்கியிருக்கிறேன். எங்கே, எப்படிப் பொருத்துவது?

முதலில் இடம். ஷோர் கார்டு (வெளிச் சப்ளையைக் கொண்டுவரும் கேபிள்) உள்ளே வரும் இடத்துக்கும் டிரான்ஸ்பர் ஸ்விட்சுக்கும் (வெளிச் சப்ளை, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றுக்கு மாற்றிவிடுவது) நடுவில் வைத்தால் ஸ்விட்சுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. ஸ்விட்சுக்குப் பின்னால் வைத்தால் ஜெனரேட்டர் கரண்டும் கருவி வழியாகத்தான் வரும், ஆனால் ஸ்விட்ச் வெளியே நின்றுவிடும். வெளிச் சப்ளைதான் அதிகம் ஏமாற்றுவது. அதனால் முன்னால் வைப்பதே என் தேர்வு. பேட்டரி இருக்கும் அறையிலும் கேஸ் சிலிண்டர் அறையிலும் வைக்கவே கூடாது. காண்டாக்டர் ஒவ்வொரு முறை சேரும்போதும் பிரியும்போதும் பொறி பறக்கும்.

கார்டைப் பிடுங்குங்கள். ஜெனரேட்டரை நிறுத்தி, அதன் ஆட்டோ ஸ்டார்ட்டையும் அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பிறகு மீட்டர் வைத்து எல்லா வயரிலும் பூஜ்யம் என்று பார்த்தபின் கேபிளை வெட்டுங்கள். இரு முனையிலும் வளைத்துத் திருப்ப ஓரிரு சாண் கூடுதல் நீளம் இருக்கட்டும். புது வயர் சேர்க்க வேண்டியிருந்தால் 50 ஆம்பியருக்கு 6 கேஜ் செம்பு, 30 ஆம்பியருக்கு 10 கேஜ்.

உள்ளே வரும் கேபிள் ‘லைன்’ பக்கம், வெளியே போவது ‘லோடு’ பக்கம். சில கருவிகளில் பேஸ் வயரை ஒரு வளையத்துக்குள் நுழைத்து டெர்மினலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆம்பியர் அளப்பது அந்த வளையம்தான். நுழைக்க மறந்தால் திரையில் ஆம்பியர் பூஜ்யமாகவே நிற்கும். கேபிள் நுழையும் துளையில் கிளாம்ப் கட்டாயம். வண்டி ஓடும்போது தகட்டின் விளிம்பு பிளாஸ்டிக் உறையை அறுத்துவிடும்.

இந்த வேலையில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி டெர்மினலில்தான். உறையைக் குறைவாகச் சீவினால் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைக் கடிக்கும். கையில் இழுத்தால் வராது, ஆனால் 40 ஆம்பியர் ஓடும்போது சூடேறி உருகும். அதிகமாகச் சீவினால் வெற்றுச் செம்பு வெளியே தெரியும். இழை வயரில் ஒரே ஒரு இழை வெளியே நீட்டியிருந்தாலும் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். கையேட்டில் கொடுத்திருக்கும் இன்ச்-பவுண்ட் அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவர் (முறுக்கும் விசையை அளந்து காட்டுவது) கொண்டு முறுக்குவதுதான் முறை. முதல் நீண்ட பயணம் முடிந்ததும், கரண்டைத் துண்டித்துவிட்டு மறுபடி ஒருமுறை சோதியுங்கள்.

வண்டியின் பேனலில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்காதீர்கள். அந்த இணைப்பு சப்ளை வரும் இடத்தில் மட்டும்தான். வண்டியிலும் இணைத்தால் நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு எர்த் வயரிலும் சேஸிலும் ஓடும்.

கரண்ட் கொடுத்ததும் இரண்டு நிமிடம் போல ஒன்றும் நடக்காது. கருவி கெட்டுவிட்டது என்று பிரிக்க ஆரம்பிக்காதீர்கள். நின்ற ஏ.சி. கம்ப்ரஸரில் அழுத்தம் இறங்குவதற்குக் கொடுக்கும் அவகாசம் அது.

செருகும் முன் மீட்டரில் என்ன பார்க்க வேண்டும்?

30 ஆம்பியரில் பேஸ்–நியூட்ரல் 120, பேஸ்–எர்த் 120, நியூட்ரல்–எர்த் ஏறக்குறைய பூஜ்யம். 50 ஆம்பியரில் இதை இரு பேஸுக்கும் பார்த்து, பேஸ்–பேஸ் 240 வருகிறதா என்றும் பாருங்கள். பூஜ்யம் வந்தால் இரண்டு துளைக்கும் ஒரே பேஸைக் கொடுத்திருக்கிறார்கள். இரு பக்க லோடும் நியூட்ரலில் கூடி 100 ஆம்பியர் வரை ஏறலாம். 50 ஆம்பியர் வண்டியை 30 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டும் அடாப்டரில் இதே பூஜ்யம் இயல்பு, கவலை வேண்டாம். செருகும்போதும் பிடுங்கும்போதும் பெட்டியின் பிரேக்கர் அணைந்திருக்கட்டும்.

சிறிய போர்ட்டபிள் ஜெனரேட்டரில் மாட்டினால் ‘எர்த் இல்லை’ என்று கருவி அடம்பிடிக்கிறது.

கருவி சொல்வது சரிதான். அந்த வகை ஜெனரேட்டர்களில் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படாமல் தனித்தனியே நிற்கும். 15 ஆம்பியர் பிளக் ஒன்றில் நியூட்ரல் பின்னையும் எர்த் பின்னையும் மட்டும் சிறு வயரால் இணைத்து, பேஸ் பின்னைத் தொடாமல் விட்டு, ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் செருகுங்கள். பிழை மறையும். ‘ஜெனரேட்டருக்கு மட்டும்’ என்று பிளக்கில் எழுதி ஒட்டிவிடுங்கள். கேம்ப்கிரவுண்ட் சாக்கெட்டுக்கு அது போகவே கூடாது.

மத்தியான வெயிலில் 103 வோல்ட் காட்டிக் கருவி துண்டிக்கிறது. பைபாஸ் செய்யலாமா?

வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸர் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறும். வாட்டர் ஹீட்டரையும் பிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றிவிட்டு ஏ.சி.யை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் கார்டு குற்றவாளியா என்றால், 50 அடி 10 கேஜ் கார்டு 25 ஆம்பியரில் தின்பது இரண்டரை வோல்ட்தான். லோடு இல்லாதபோது 118 இருந்து, ஏ.சி. ஓடியதும் 106க்கு விழுந்தால் கேம்ப்கிரவுண்ட் லைன் மெலிதாக இருக்கலாம், இல்லை எங்கோ காண்டாக்ட் லூஸ். அரை மணி ஓடவிட்டு, பிரேக்கரை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ பின்கள் கறுத்திருந்தாலோ வேறு இடம் கேட்டு மாறுங்கள்.

ஆட்டோபார்மர் (வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர்) வைத்தால் வோல்டேஜ் 10 சதவீதம் போல ஏறும். அதற்கு ஈடாக லைனிலிருந்து அதிக ஆம்பியர் இழுக்கும். ஏற்கெனவே சூடான சாக்கெட் இன்னும் சூடாகும்.

இடி மின்னலுக்கு இந்தக் கருவி தாங்குமா?

தூரத்து மின்னலால் லைனில் வரும் அதிர்வைத் தாங்கும். பக்கத்தில் விழும் மின்னலுக்கு எந்தக் கருவியும் தாங்காது. வானம் கறுக்கும்போதே பிரேக்கரை அணைத்துக் கார்டைப் பிடுங்கிவிடுங்கள். இடி விழ ஆரம்பித்த பிறகு அதற்காக வெளியே இறங்காதீர்கள்.