அழிக்கப்பட்ட ஏழு சொற்கள்

அன்புள்ள ஐயா,

அரசியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஸ்டெபானின் ‘இரட்டைச் சகிப்பு’ கட்டுரையை (2000) வாசித்தேன். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் தேவையில்லை, ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டால் போதும் என்கிறார். எனக்கு இது சமாளிப்பாகத் தெரிகிறது. இஸ்லாமும் ஜனநாயகமும் உண்மையில் ஒத்துப்போகுமா? துருக்கியைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.

க.

அன்புள்ள க,

கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டு எழுதுகிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். ஆனால் அவர் ஓரமாகத் தள்ளிவைத்த கேள்வியையே தூசி தட்டி என்னிடம் நீட்டுகிறீர்கள். ‘ஒத்துப்போகுமா’ என்பது ஜாதகம் பார்ப்பவரிடம் கேட்க வேண்டியது. துருக்கியை விடுங்கள். அங்கே அரசு மதத்தை விட்டு விலகவே இல்லை, இமாமுக்குச் சம்பளம் கொடுத்துக் கைக்குள் வைத்திருக்கிறது.

நான் கொஞ்ச நாளாக இந்தோனேசியாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1945 ஜூனில் அரசியலமைப்பு முன்னுரைக்காக ஒரு வரைவு எழுதினார்கள். அதில், அவர்கள் மொழியில் ஏழே ஏழு சொற்கள்: முஸ்லிம்கள் ஷரியத்தைப் பின்பற்றும் கடமையுடன். ஆகஸ்ட் 17இல் சுதந்திர அறிவிப்பு. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று சுதந்திரத் தலைவர்களில் ஒருவரான ஹத்தாவுக்குத் தகவல் வந்தது. மறுநாளே அந்த ஏழும் போயின. கடைசிவரை முரண்டு பிடித்து, பின்பு சம்மதித்தவர் முஹம்மதியா என்ற முஸ்லிம் அமைப்பின் தலைவர் கி பாகுஸ் ஹதிகுசுமோ. ஏழுக்குப் பதில் ‘ஒரே இறைவன்’ என்று மட்டும் நின்றது.

கதை அத்தோடு முடியவில்லை. 2002இல் அந்தச் சொற்களைத் திரும்பச் சேர்க்கச் சில கட்சிகள் முயன்றன. வேண்டாம் என்றவர்களில் முன்னால் நின்றது யார்? நஹ்ததுல் உலமாவும் முஹம்மதியாவும். நாட்டின் மிகப் பெரிய இரண்டு முஸ்லிம் அமைப்புகள், ஐயா! மதச்சார்பின்மை பேசும் பேராசிரியர்கள் அல்ல. மதத்தை வீட்டுக்குள் பூட்டினால்தான் ஜனநாயகம் பிழைக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு சம்பவத்தின் முன் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நீங்களும்தான்.

அங்கே எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. ஜகார்த்தா ஆளுநராக இருந்த கிறிஸ்தவர் அஹோக், 2017இல் மதநிந்தனைக் குற்றத்துக்காக இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவர் பேசியது மதநிந்தனை என்று கருத்துரைத்த உலமா (மத அறிஞர்கள்) மன்றத்தின் தலைவர் மஃரூஃப் அமீன், 2019 தேர்தலில் வென்று துணை அதிபரானார். எனக்கு இன்னும் கசக்கிற விஷயம் இது.

அந்தத் தேர்தலன்று நான் யோக்யகர்த்தாவில் இருந்தேன். தெருவோரப் பந்தலில், முக்காடிட்ட ஒரு பெண் ஒவ்வொரு சீட்டாக விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஆணியால் குத்திய ஓட்டை வழியே வெயில் தெரிந்தது. கூட்டம் ‘சாஹ்!’ என்று கத்தியது. செல்லும் என்று அர்த்தம். பக்கத்திலிருந்த தாத்தா எதிர்க்கட்சி ஓட்டுக்கும் அதே குரலில் கத்தினார். அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து போனார். எண்ணிக்கை நிற்கவில்லை. தொழுதுவிட்டுச் செருப்பை மாட்டியபடியே திரும்பி வந்தவர் என்னிடம் கேட்டார், “இப்போது எத்தனை?”