ஸ்பிரிங் மாற்றிக் காரை இறக்கிய பிறகு ஹெட்லைட் தூரம் போகவில்லை. லேசர் லைட் வாங்கிப் போடலாமா?

கேட்டவர் காரைக்குடிக்காரர், வைத்திருப்பது பிஎம்டபிள்யூ எம்340ஐ. 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டதிலிருந்து டிம் லைட் காருக்குப் பக்கத்திலேயே விழுகிறது. ஜெர்மனியில் கழற்றிய பழைய லேசர் ஹெட்லைட் ஜோடி ஒன்றை வாங்கிப் போட்டு, எதிரே வருபவர் கண் கூசாமல் பிரைட் லைட்டை வெட்டிக் கொடுக்கும் வசதியைக் கோடிங்கில், அதாவது காரின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றி, திறந்துவிடலாமா என்பது கேள்வி.

லைட்டை இப்போது வாங்காதீர்கள். உங்கள் லைட்டில் வெளிச்சம் குறையவில்லை, அது பார்க்கும் கோணம்தான் கெட்டிருக்கிறது. புது லைட் போட்டாலும் அதே கோணத்தில்தான் விழும்.

டிம் லைட்டின் மேல்விளிம்பு 10 மீட்டருக்கு 10 செ.மீ. தாழ வேண்டும். ஹெட்லைட் மேல் ஒட்டியிருக்கும் 1.0% என்ற குறிக்கு இதுதான் பொருள். லைட்டின் மையம் தரையிலிருந்து 65 செ.மீ. என்று வைத்தால், வெளிச்சம் 65 மீட்டரில் தரையைத் தொடும். காரை 30 மி.மீ. இறக்கினால் 62 மீட்டர். இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பாரத்துக்கேற்ப மோட்டாரால் லைட்டை ஏற்றி இறக்க, காரின் உயரம் பார்க்கும் சென்சாரில்தான் சிக்கல். சில கார்களில் அது பின் அச்சில் மட்டும் இருக்கும். பின்பக்கம் 30 மி.மீ. தாழ்ந்ததும் டிக்கியில் பாரம் ஏறிவிட்டது, மூக்கு தூக்கிக்கொண்டது என்று கணக்குப் போட்டு லைட்டைக் கீழே தள்ளும். உங்கள் காரின் வீல்பேஸ், அதாவது முன், பின் அச்சுகளின் இடைவெளி, 2851 மி.மீ. அதில் 30 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1 சதவீதச் சாய்வு. ஆக 1 சதவீதம் 2 ஆகிறது, 62 மீட்டர் 31 ஆகிறது. 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி, நிற்க இன்னொரு 30 மீட்டர் என்று போட்டாலே 50 மீட்டருக்கு மேல் வேண்டும். 31 மீட்டர் வெளிச்சத்தில் திருமயம் ரோட்டில் படுத்திருக்கும் மாட்டைப் பார்த்து நிறுத்தவே முடியாது.

முன்னும் பின்னும் சென்சார் இருக்கும் கார்களில் இரண்டின் வித்தியாசத்தைத்தான் கணக்கில் எடுக்கும். நான்கு பக்கமும் சமமாக இறங்கியிருந்தால் லைட் அவ்வளவாக மாறாது. அப்படியும் கீழே விழுந்தால், ஸ்பிரிங் மாற்றும்போது சென்சாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் குச்சியான லிங்க் கழன்றிருக்கும், அல்லது அது அசைக்கும் சென்சார் ஆர்ம் மறுபக்கம் புரண்டிருக்கும். ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ட்ரட்டை இறக்கும் முன் லிங்கைக் கழற்ற மறந்து இழுத்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. சென்சார் தரும் கணக்கு சரியில்லை என்று பட்டால் லைட்டைத் தாழ்த்தி வைத்துவிடுவதுதான் இந்த அமைப்பின் பழக்கம். காரை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து லிங்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

லிங்க் சரியாக இருந்தால் வழி இரண்டு. ஒன்று, நீளம் மாற்றக்கூடிய லிங்க் போட்டு, சென்சார் ஆர்மைப் பழைய கோணத்துக்கே கொண்டுவருவது. லிங்கை 30 மி.மீ. குறைக்கக் கூடாது. அது சக்கரத்தில் மாட்டியிருப்பதில்லை, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்மின் நடுவில் எங்கோ மாட்டியிருக்கும், அங்கே அசைவு குறைவு. ஸ்பிரிங் மாற்றும் முன்பே சென்சார் ஆர்ம் நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தால் வேலை எளிது. இரண்டாவது வழி, டயக்னாஸ்டிக் கருவியில் ரைடு ஹைட் (கார் நிற்கும் உயரம்) கேலிபிரேஷன் செய்து, இப்போதைய உயரத்தையே பூஜ்யமாகப் பதிவது. சென்சாரின் அளவெல்லைக்குள் இருக்கும்வரை இதுவே சுத்தமான வழி.

செய்யவே கூடாதது: ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி லைட்டைத் தூக்கிவிடுவது. காலியாக ஓட்டும்போது அருமையாகத் தெரியும். அப்பத்தாவையும் ஆயாவையும் பின்சீட்டில் ஏற்றி, டிக்கியில் பலகாரத் தூக்குகளை அடுக்கிக் கிளம்பினால், லைட்டைத் தாழ்த்த மோட்டாருக்கு இடமே மிச்சமிருக்காது. எதிரே டிவிஎஸ் 50-இல் வருபவருக்குக் கண் இருட்டிவிடும்.

சென்சார் சரியான பிறகுதான் திருகு. டயர் காற்று கம்பெனி சொன்ன அளவில், டேங்க் நிறைய பெட்ரோல், டிரைவர் சீட்டில் 75 கிலோ ஆள். சுண்ணாம்பு அடித்த பழைய வீட்டுப் பக்கச் சுவர் இதற்கு நல்ல திரை, 10 மீட்டர் தள்ளி நேராக நிறுத்துங்கள். ரைஸ்மில் களம் என்றால் ஒரு கவனம்: மழைநீர் வடியக் களத்துக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஒரே சீராகச் சரிந்திருந்தால் கெடுதல் இல்லை, காரும் சுவரும் அதே சரிவில்தான் இருக்கின்றன. நடுவில் மேடாகி இருபுறமும் வடியும் களம் ஏமாற்றிவிடும். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி நான்கு சக்கரத்தடியிலும் சுவர் அடியிலும் மட்டம் பாருங்கள். 3 செ.மீ. பிசகினாலே 62 மீட்டர் 48 ஆகலாம், அல்லது எதிரே வருபவர் முகத்துக்குப் போகலாம்.

எஞ்சினை ஓடவிட்டு, லைட் தன் ஆரம்ப அசைவை முடிக்கும்வரை பொறுங்கள். சுவரில் லைட் மையத்தின் உயரத்தில் ஒரு கோடு, அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொன்று. வெளிச்சத்தின் தட்டையான விளிம்பு கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும், இடது பக்கம் மட்டும் மேலேற வேண்டும். ஒன்றைப் பார்க்கும்போது மற்றதன் முன்னால் அட்டையை நிறுத்துங்கள். லென்ஸ் மேல் துணி போட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

இப்போது லேசர் லைட். ஜெர்மனியில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், நமக்கு இடப்பக்கம். அந்த ஊர் லைட்டின் டிம் விளிம்பு வலது பக்கம் மேலேறும், அதாவது எதிரே வருபவர் கண்ணுக்கு. திருகால் இது சரியாகாது. வாங்கும் முன் லென்ஸில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தைப் பாருங்கள். லைட்டுக்கு எதிரே நின்று பார்க்கும்போது உங்கள் வலது கைப் பக்கம் காட்டும் ஒற்றை அம்புக்குறி இருந்தால் நம் ஊருக்கானது. இருமுனை அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றலாம். அம்பே இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

உள்ளே வெளிச்சத்தைக் குவித்து அனுப்பும் புரொஜக்டரை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடமும் கொடுக்க வேண்டாம். அந்தக் கால லைட்டுகளில் லென்ஸை ஒட்டிய பசை சூட்டில் இளகும், திறக்கலாம். இப்போது வரும் பல லைட்டுகளில் இளகாத பசைதான். நெம்பினால் லென்ஸ் விரிசல் விடும், ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் கோக்கும், லைட்டை இயக்கும் கண்ட்ரோல் மாட்யூல் போகும். எல்இடிக்கு மின்னோட்டத்தைக் கூட்டித் தருவதும் இதே கதை. கத்திரி வெயிலில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்.

கோடிங்கைப் பொறுத்தவரை, காரோடு வந்த வசதிகளின் குறியீடுகள் உள்ள ஆர்டர் பட்டியலில் 552 இருந்தால் அடாப்டிவ் எல்இடி (தானே திசை மாறும் லைட்), 5ஏசி இருந்தால் ஹைபீம் அசிஸ்டன்ட் (பிரைட் லைட்டைத் தானே கையாளும் வசதி) கம்பெனியிலேயே வந்தவை. இல்லாத மோட்டாரையும் கேமராவையும் கோடிங் கொண்டுவராது, டேஷ்போர்டில் எச்சரிக்கைதான் வரும். கருவிகள் இருந்து வசதி மட்டும் மூடியிருந்தால் திறக்கலாம். பழைய கோடிங்கைச் சேமித்துக்கொண்டு செய்யுங்கள். காரை இறக்கியிருப்பதால் கேமராவையும் கேலிபிரேட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருபவருக்காக வெளிச்சத்தை வெட்டி இருட்டாக்க வேண்டிய இடம் தப்பும். கண்ணாடியில் கேமரா இருக்கும் பகுதியில் செம்மண் புழுதி படிந்தாலும் இதே கோளாறு வரும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஸ்பிரிங், லைட் இரண்டையும் பற்றி ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வசதி திறந்த பிறகும் ஒன்று நினைவிருக்கட்டும். அந்தக் கேமரா முக்கியமாக விளக்கைப் பார்த்துத்தான் வெளிச்சத்தை வெட்டுகிறது. பின்விளக்கு இல்லாத டிராக்டரும் மாட்டுவண்டியும் அதற்கு இருட்டுதான். தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடி வழியாகப் பழநிக்குக் காவடியோடு விடியுமுன் நடக்கிறவர்கள் கையில் விளக்கிருக்காது, முழு பிரைட்டும் அவர்கள் முகத்தில் விழும். அந்த நாட்களில் ஆட்டோ ஹைபீமை பட்டனில் அணைத்து, டிம்மிலேயே 40-ஐத் தாண்டாமல் போங்கள்.