துள்ளல் பாட்டு எரிச்சலூட்டும் குளிர்காலத்தில் எதைக் கேட்பது, எதைப் படிப்பது?

கேள்வி: மாலை நாலரைக்கே இருட்டிவிடும் குளிர்கால நாட்கள் வந்தாலே மனம் சோர்ந்துபோகிறது. மூன்று வருடமாக இப்படித்தான். உற்சாகம் வரட்டும் என்று துள்ளல் பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வருகிறது. புத்தகத்தை எடுத்தால் பத்து வரி தாண்டவில்லை. என்ன கேட்கலாம், எதைப் படிக்கலாம்?

பதில்: அந்த எரிச்சல் இயல்பானதுதான். வாடிப்போய் உட்கார்ந்திருப்பவரிடம் போய் "சிரி, சிரி" என்றால் கோபம் வராதா? இசைச் சிகிச்சையில் ஒரு பழைய முறை உண்டு. மனம் எந்த நிலையில் இருக்கிறதோ, அதே நிலையில் உள்ள இசையில் தொடங்குவோம். பிறகு படிப்படியாக மேலே ஏற்றிக்கொண்டு வருவோம்.

சிவரஞ்சனி, மோகனம் என்ற இரண்டு ராகங்களை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்கள்தான். காந்தாரம், அதாவது 'க' மட்டும் வேறு: சிவரஞ்சனியில் சாதாரண காந்தாரம், மோகனத்தில் அதற்கு ஒரு படி மேலே இருக்கும் அந்தர காந்தாரம். அந்த ஒரு சுரம் ஏறியதும் தொண்டையில் தேங்கி நின்ற அழுகை கரைந்து முகம் மலர்வதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ராகம் தெரிய வேண்டும் என்றில்லை. இருபது நிமிடத்துக்கு ஐந்தாறு உருப்படிகளை வரிசைப்படுத்துங்கள். முதல் இரண்டும் மெதுவாக, வார்த்தையில்லாத வீணையோ புல்லாங்குழலோ இருக்கட்டும். அடுத்து நடுத்தர வேகம். கடைசியில் கால் தானாகத் தாளம் போடும் பாட்டு. முதல் இரண்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் சோகத்தை அசைபோடுவதில்தான் போய் முடியும்.

பாட்டைவிட முக்கியமானது வெளிச்சம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வை 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் குழுவினர் தனி நோயாக விவரித்தபோதே, பகல் ஒளி குறைவதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு விளக்கொளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே அதைவிடப் பல மடங்கு இருக்கும். அதனால் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: விறுவிறுப்பான தொடர்கதை ஒலிப்புத்தகம் ஒன்றை, பொழுது விடிந்தபின் வெளியே நடக்கும்போது மட்டும் கேட்பது. வாசலுக்குத் திரும்பியதும், கதை எந்த இடத்தில் இருந்தாலும், நிறுத்திவிடுங்கள். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற ஆவல் மறுநாள் காலையில் உங்களைப் போர்வைக்குள்ளிருந்து எழுப்பும். செய்தி பாட்காஸ்ட் அந்த நேரத்தில் வேண்டாம்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தாலோ, தூக்கமும் பசியும் தலைகீழானாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ பாட்டை நம்பி இருக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டி முன் உட்காரும் சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. கண் நோயோ, மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

இனி வாசிப்பு. பத்து வரி தாண்டாததற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். மனம் சோரும்போது கவனம்தான் முதலில் நழுவும். இப்போது புதிய, கனமான நூல் எதுவும் வேண்டாம். முன்பு ரசித்துப் படித்த ஒன்றை எடுங்கள். முடிவு தெரிந்த கதையில் வழி தவற முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதுவும் வாய்விட்டு. வாய்விட்டுப் படித்தால் கண் வரி தாண்டி ஓடாது, மூச்சும் நிதானப்படும். கேட்க ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது, போனின் மறுமுனையில் என்றாலும் சரி.

படுக்கையில் மட்டும் போன் திரையில் படிக்காதீர்கள். அந்த ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போட்டு, உங்கள் காலை நடையைக் கெடுத்துவிடும். அங்கே காகிதப் புத்தகமும் மங்கலான விளக்கும் போதும்.